சௌந்திரத்துக்குப் பதினேழு அண்ணன்மார்

நல்லம்மாள் அரிவாளைக் காலால் மிதித்துக்கொண்டு வெங்காயத்துக்குத் தாள் அரிந்துகொண்டிருந்தாள். கை அதுபாட்டுக்கு ஓடியது. வாய் கையை முந்திக்கொண்டு ஓடியது.

"கணக்குல தொண்ணூத்தாறுங்க! பத்தாவதுல பள்ளிக்கூடத்துக்கே இவதான் மொதலு. பெரிய டீச்சரே கூப்பிட்டுச் சொன்னாங்க, சயின்ஸ் குரூப்புல சேருங்கன்னு."

"சேத்தலாமே," என்றார் அவள் புருஷன் மருதாசலம், சாக்குக்கு வாய் தைத்துக்கொண்டே. "பொட்டப்புள்ளைங்க பள்ளிக்கூடத்துல."

"அங்க அந்தக் குரூப்பே இல்லீங்களே! சரித்திரமும் டைப்பும்தான் வெச்சிருக்காங்க."

அது 1978. பதினொன்றும் பன்னிரண்டும் பள்ளிக்கூடத்துக்கே வந்துசேர்ந்த முதல் வருஷம். எருமப்பட்டிப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து மகள் சௌந்திரம் ஐந்து வருஷமாக டவுனுக்குப் போய்வந்த பெண்கள் பள்ளிக்கு ஆளுயர மதில் உண்டு. அந்த மதிலை நம்பி மருதாசலம் நிம்மதியாகத் தூங்கியிருந்தார். இப்போது சயின்ஸ் குரூப் பையன்கள் பள்ளியில்தான் இருக்கிறது, இந்த வருஷத்திலிருந்து பெண்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள் என்றதும் அவருக்குத் தூக்கம் போய்விட்டது. விண்ணப்பம் கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி. அன்றைக்குப் புதன்.

"அங்க படிக்கிற பசங்க யாரு எவருன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா உடுவீங்களா?"

"பாதிப் பேரு அண்ணந்தம்பியா இருந்தாக்கூட உட்டுருவேன்," என்றார், அது நடக்கிற காரியமில்லை என்ற தைரியத்தில்.

நல்லம்மாள் அரிவாளிலிருந்து காலை எடுத்துவிட்டாள்.

அவர்கள் சனத்தில் கூட்டம் என்றால் குலம். ஒரே கூட்டத்தில் பிறந்தவர்கள் ஐம்பது மைல் தள்ளியிருந்தாலும் பங்காளிகள், அண்ணன் தங்கை. வேறு கூட்டமென்றால் முறை, கட்டிக்கொடுக்கலாம். எந்த ஊரில் யார் எந்தக் கூட்டம் என்பதில் சுற்றுவட்டாரத்துக்கே நல்லம்மாள்தான் அத்தாரிட்டி. அவள் படித்தது ஐந்தாவது. ஆறாம் வகுப்பு பக்கத்து ஊரில், பையன்களோடு சேர்ந்து படிக்கவேண்டும் என்றதும் அவளுடைய அப்பா கையில் ஆட்டுக்கயிற்றைக் கொடுத்துவிட்டார். அவள் அழவில்லை. ஆனால் எழுத்தை மறக்கவுமில்லை. வீட்டுக்கு வரும் கல்யாணப் பத்திரிகைகளை ஒரு வரி விடாமல் படிப்பாள், இன்னாருடைய பேத்தி, இன்னாருடைய மருமகன் என்று. மூங்கில் கூடை நிறையப் பத்திரிகைகள் வைத்திருந்தாள். மாப்பிள்ளை பார்க்கிறவர்கள் சோசியரிடம் போகுமுன் அவளிடம் வந்துவிட்டுப் போவார்கள்.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் சௌந்திரத்தையும் கூட்டிக்கொண்டு டவுனில் இறங்கினாள். பையன்கள் பள்ளி ஆபீசில் கிளார்க் வீரபாகு விண்ணப்பத்தை நீட்டியதும் வாங்கிக்கொண்டு, நகராமல் நின்றாள்.

"சேந்திருக்கிற பசங்க பேரெல்லாம் கொஞ்சம் படிங்க சாமி."

"எதுக்கும்மா?"

"அப்பன் பேரும் ஊரும் சேத்துப் படிங்க. அது போதும்."

வீரபாகு தென்பக்கத்துக்காரர். இந்த ஊர் வழக்கம் புரியாமல், அன்றைக்கு ஆள் நெரிசலும் இல்லாததால், படிக்க ஆரம்பித்தார். மூன்றாவது பேரில் நல்லம்மாள் முகம் மலர்ந்தது.

"ஆத்துமேட்டுக் குமாரசாமி பையனா? அட, நம்ம கூட்டம்! ஒரு கோடு போடுங்க."

"இது ஆபீஸ் நோட்டும்மா..."

"பென்சில்லதானே, அழிச்சுக்கலாம். மேல படிங்க."

அப்புறம் நிற்கவே இல்லை. கரட்டூர் சின்னுசாமி மகன், நம்ம கூட்டம். நடுத்தோட்டத்து அப்புசாமி மகன், நம்ம கூட்டம். ஒவ்வொரு கோட்டுக்கும் மேசையைத் தட்டினாள். வீரபாகுவுக்கும் வேகம் பிடித்துக்கொண்டது. "அடுத்தவனும் உங்க ஆளாத்தான் இருப்பான் பாருங்க!" என்று அவரே சொல்லிவிட்டுப் படித்தார். சௌந்திரம் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, தன்னை யாருக்கும் தெரியக்கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தாள்.

மொத்தம் முப்பத்து மூன்று பேர். பதினேழு கோடு. டவுன் பிள்ளைகள் பதினான்கு பேர் வேறு சாதி. அவர்களை நல்லம்மாள் கணக்கிலேயே எடுக்கவில்லை. அந்தக் காலத்தில் அது யாருக்கும் தப்பான கணக்காகப் படவில்லை. மிச்சம் இரண்டு பேரை மட்டும் உதட்டைப் பிதுக்கி, "முறைப்பசங்க, பாத்து நடந்துக்கோணும்," என்று மகளை எச்சரித்தாள்.

பஸ்ஸை விட்டிறங்கி வரப்பில் நடக்கும்போதே கூவினாள். "ஏனுங்க! பதினேழு அண்ணன்மாருங்க! பதினேழு!"

மருதாசலம் அசந்துபோனார். சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு உள்ளே போய்ப் பேனாவைத் தேடி எடுத்து, தகரப்பெட்டியின் மேல் விண்ணப்பத்தை விரித்து உட்கார்ந்தார். வெங்காயம் குவித்திருந்த அந்த அறையில் மூவருக்கும் இடம் போதவில்லை. "யாராரு, சொல்லு," என்றார் சந்தோஷமாக.

"ஆத்துமேட்டுக் குமாரசாமி பையன்..."

"எந்தக் குமாரசாமி? உன்ற பெரியப்பன் மகனா?"

"ஆமாங்க. அப்புறம் கரட்டூர் சின்னுசாமி..."

"அவன் உனக்குச் சித்தப்பன் மகனல்லோ?" பேனா காகிதத்துக்கு மேலேயே நின்றது. "ஏம் புள்ளை, அவங்கெல்லாம் உங்கப்பன் கூட்டம். இவ என்ற மக. என்ற கூட்டம்."

ஊருக்கெல்லாம் கூட்டம் சொல்கிறவள், சொந்த மகளுக்கு மாற்றிச் சொல்லிவிட்டாள்.

சௌந்திரம்தான் முதலில் சிரித்தாள். "அப்படீன்னா பதினேழு பேரும் எனக்கு மாமன் மகனுங்க! பாத்து நடந்துக்கோணும்னியே, அந்த ரெண்டு பேருதான் அப்பா கூட்டம், எனக்கு அண்ணனுங்க! நாளைக்கே பந்தல் போட்டுருலாம்மா!"

"சும்மா இருடி," என்றாள் நல்லம்மாள். மருதாசலம் பேனாவை மூடப் போனார். அவள் சட்டென்று அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"மூடாதீங்க. நானு சொல்றதைக் கேளுங்க. பதினேழு பேரும் என்ற அண்ணந்தம்பி பெத்த பசங்க. எவனாவது வாலாட்டுனான்னா அவனூட்டு அடுப்படிக்கே போயி, அத்தை வந்திருக்கேன்னு நின்னு, அவங்காத்தா முன்னாலயே காதைத் திருகுவேன். உங்க பங்காளி ஊட்டுல நானு அப்படிப் போயி நிக்க முடியுமா? வாசல்ல நின்னு வாங்கன்னா வாரேன், போங்கன்னா போறேன். எந்தப் பசங்க நடுவுல உட்டா புள்ளை பத்திரம்? நீங்களே சொல்லுங்க."

மருதாசலம் மகளைப் பார்த்தார். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல்கள் பாவாடையைக் கசக்கிக்கொண்டிருந்தன.

"காதைத் திருகுவியா?"

"பதினேழு காதையும்."

அவர் கையெழுத்துப் போட்டார். மருதாசலம் என்று முழுப்பெயரும் எழுதி, அடியில் ஒரு கோடும் இழுத்தார். சௌந்திரம் "அப்பா!" என்று கத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். ஓடியவள் கால் பட்டு வெங்காயம் அறையெங்கும் உருண்டது.

நல்லம்மாள் விண்ணப்பத்தை எடுத்து மைமேல் ஊதினாள்.

"இந்தா புள்ளை," என்றார் மருதாசலம் மெதுவாக. "இந்த ஊட்டுக்கு நீ வந்து பத்தொம்பது வருசம். இன்னும் நம்ம கூட்டம்னு சொன்னா உனக்கு உங்கப்பன் கூட்டந்தான் வருதா?"

அவள் இன்னொரு தரம் ஊதினாள். மை காய்ந்ததா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். பிறகு உருண்டு கிடந்த வெங்காயங்களின்மேல் கால் படாமல் தாண்டித் தாண்டி அறையை விட்டு வெளியே போனாள்.