மணி அடிக்காத வெள்ளிக்கிழமை

அந்தக் கோடையில் முனிசிபாலிட்டி நாய் வண்டி எங்கள் தெருவுக்கு அடிக்கடி வந்துகொண்டிருந்தது. கட்டாத நாயைக் கண்டால் சுருக்குப் போட்டுத் தூக்கிப்போய்விடுவார்கள். அதனால்தான், அதுவரை சங்கிலியே அறியாத எங்கள் செவலை நாயைக் கட்டத் தொடங்கினேன். திருச்சியில் பங்குனியிலேயே தரை கொதிக்கும். ஜெபம் சொல்லும் பீடம் இருக்கும் வீட்டுக்குள் நாய் கூடாது என்று மாமியார் சொல்லிவிட்டார். ஆகவே நிழல் போகிற பக்கமெல்லாம் அதை மாற்றிக் கட்டினேன். காலையில் மேற்குச் சுவரோரம். மாதா கோவிலில் பகல் பன்னிரண்டு மணி அடித்ததும் கிழக்கே கிணற்றடி. வீட்டில் கடிகாரம் இருந்தாலும், அந்த மணியைக் கேட்டால்தான் எனக்குக் கால் எழும்.

ஆண்டவர் சிலுவையில் மரித்த பெரிய வெள்ளியன்று பன்னிரண்டிலிருந்து மூன்று வரை கோவிலில் இருக்க வேண்டும். கணவருக்கு ரயில்வேயில் டூட்டி. மாமியாரும் நானும் எட்டு மாதக் குழந்தையுடன் பதினொரு மணிக்கே கிளம்பினோம். நாயை யார் மாற்றிக் கட்டுவது? பக்கத்து வீட்டு அக்கா வாசலறையில் சக்கரம் வைத்துக் கம்மல் கற்களுக்குப் பட்டை தீட்டுபவர். கல்லிலிருந்து கண்ணை எடுக்க மாட்டார். அவர் வீட்டில் கடிகாரமும் கிடையாது.

“அக்கா, பன்னெண்டு மணி அடிச்சதும் நாயைக் கிணத்தடியில கட்டிடுறீங்களா? கோவிலுக்குப் போயிட்டு வந்துடறேன்.”

“போயிட்டு வாங்க டீச்சர். உங்க கோயில் மணியைக் கேட்டுத்தானே நானே உலை வைக்கிறேன்.”

கல்யாணத்துக்கு முன் பள்ளிக்கூடத்தில் ஞானோபதேசம் நடத்தியவள் நான். பெரிய வியாழன் மாலை ஓயும் மணி மறுபடி சனி இரவுதான் அடிக்கும் என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பேன்!

கோவிலில் பெண்கள் பக்கம் தரையில் உட்கார்ந்திருந்தேன். சுரூபங்களுக்கு ஊதாத் துணி போர்த்தியிருந்தார்கள். மணிக்குப் பதிலாக மரத்தட்டையைக் கடகடவென்று தட்டினார்கள். அப்போதுதான் உறைத்தது.

“அத்தை, இன்னைக்கு மணி அடிக்க மாட்டாங்களே!”

“நேத்து சாயங்காலத்துலேர்ந்தே அடிக்கலை. வேதம் சொல்லிக் குடுத்தவளுக்கு இது தெரியாதா?”

“நாயை மாத்திக் கட்டியிருக்க மாட்டாங்க. ஒரு எட்டு போயிட்டு வந்துடறேன்.”

“சாமியார் பிரசங்கம் வைக்கிறப்ப நடுவுல எழுந்து போவியா? எல்லாரும் பாக்கறாங்க. உக்காரு.”

உட்கார்ந்தேன். குழந்தை அழுதால் அந்தச் சாக்கில் வெளியே போகலாம். தினமும் அந்த நேரத்தில் அழுது ஊரையே கூட்டுகிறவள் அன்று அசந்து தூங்கினாள். கிள்ளிவிடலாமா என்றுகூட நினைத்தேன். கிள்ளவில்லை. சாமியார் சிலுவையில் ஆண்டவர் பட்ட தாகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கேட்க முடியவில்லை, கேட்காமலும் இருக்க முடியவில்லை. மூன்று மணிக்குப் பிறகும் சிலுவையை உதடு வைத்து முத்தி செய்யும் வரிசை நகரவேயில்லை.

வீடு வந்தபோது மேற்குச் சுவர் அடுப்புச் சுவராகக் காய்ந்திருந்தது. தண்ணீர்ச் சட்டி கவிழ்ந்து கிடந்தது. நாய் பக்கவாட்டில் விழுந்து, நாக்கு மண்ணில் தொட, வெடுக்வெடுக்கென்று மூச்சு வாங்கியது. கூப்பிட்டால் கண் திரும்பவில்லை.

சத்தம் கேட்டு அக்கா ஓடிவந்தார். “மணியே அடிக்கலையே டீச்சர்! காதைத் தீட்டிக்கிட்டுத்தானே உக்காந்திருந்தேன்.”

குழந்தையை அவரிடம் கொடுத்துவிட்டு நாயைக் கிணற்றடிக்கு இழுத்தேன். வாளியைத் தூக்கியதும் மாமியார் தடுத்தார். “கொதிக்கிற உடம்புல பச்சைத் தண்ணியை ஊத்தாத. ஜன்னி கண்டுடும்.”

நான் படித்த சுகாதாரப் புத்தகத்தில் ஈரத்துணி போடச் சொல்லியிருந்தது. ஆனால் அது மனிதர்களுக்கு. நாய்க்கும் பொருந்துமா? அத்தை சொல்வது சரியாக இருந்தால்? வாளியைப் பிடித்தபடியே சிறிது நேரம் நின்றுவிட்டேன். அந்தச் சிறிது நேரம் இன்றுவரை என்னை விடவில்லை. பிறகு குழந்தையின் துணிகளை நனைத்து வயிற்றிலும் பாதங்களிலும் போட்டு, காயக் காய மாற்றினேன். வாயில் விட்ட தண்ணீர் அப்படியே வழிந்துவிட்டது. விசிறுவதைத் தவிர எனக்கு எதுவும் தெரியவில்லை.

பொழுது சாயும்போது அது ஒருமுறை என் கையை நக்கியது. அப்புறம் கொஞ்சம் தண்ணீர் குடித்தது. மாமியார் எங்களுக்கு வைத்திருந்த கஞ்சியில் நீரை வடித்து ஒரு சிரட்டையில் கொண்டுவந்து வைத்தார்.

மறுநாள் காலை தெருமுனையில் நாய் வண்டியின் சத்தம் கேட்டது. சங்கிலியை எடுத்தேன். ஓடிவிடும் என்று நினைத்தேன். ஓடியிருந்தால் என் மனம் ஆறியிருக்கும். அது தள்ளாடி எழுந்து வந்து கழுத்தை நீட்டியது. மாட்டினேன். அன்றும் பகலில் மணி அடிக்காது. கூடத்துக் கடிகாரத்தைத் தூக்கிவந்து, நாயின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.