அணைக்கக் கூடாத கம்ப்யூட்டர்

தொண்ணூறுகளின் கடைசியில், மலேசியாவின் நெகிரி செம்பிலானில் லிங்கிப் பக்கம் ஒரு ரப்பர் தோட்ட ஆபீசில் நடந்தது இது. எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. சிரம்பான் தலைமை அலுவலகத்தில் வேலை. நான்கு தோட்டங்களின் கம்ப்யூட்டர்களும் என் பொறுப்பு. கம்ப்யூட்டர் தெரிந்தவனுக்கு அந்தக் காலத்தில் இருந்த மவுசு கொஞ்சநஞ்சமல்ல. என் தலைக்கனமும் அதற்கேற்ற அளவில்தான் இருந்தது.

தோட்டங்களில் தொழிலாளர் கணக்கை வைத்திருந்த புரோகிராமை நான்தான் எழுதியிருந்தேன். நேரில் உட்கார்ந்தாலும் டெலிபோன் வழியாகத் தொடர்பு கொண்டாலும் அது முதலில் பெயர் கேட்கும், பிறகு ரகசிய எண் கேட்கும், அப்புறம்தான் உள்ளே விடும். ஒரு நாள், நான் எழுதப் பயன்படுத்திய கம்ப்யூட்டர் மொழியிலேயே ஓர் ஓட்டை இருப்பதாக அதை உருவாக்கியவர்கள் அறிவித்தார்கள். பெயர் கேட்கும் இடத்தில் அளவுக்கு மீறி நீளமாகத் தட்டினால் புரோகிராம் தடுமாறி விழுந்துவிடும். விவரம் தெரிந்தவன் அந்தச் சந்தில் நுழைந்து, உள்ளே இருப்பதை இஷ்டத்துக்கு மாற்றலாம். ஓட்டையை அடைத்த புதிய பதிப்பையும் அவர்களே கொடுத்திருந்தார்கள்.

அதை டிஸ்கில் எடுத்துக்கொண்டு காரில் கிளம்பினேன். முதல் நாளே மூன்று தோட்டங்களை முடித்துவிட்டு, மறுநாள் காலை லிங்கிக்கு வந்தேன். டிஸ்கைப் போட்டேன், வேலை முடிந்தது என்று திரை சொன்னது. உடனே சிரம்பானில் இருந்த என் நிர்வாகிக்குப் போன் போட்டு, நான்கும் சரியாகிவிட்டன என்று பெருமையாகச் சொன்னேன்.

அங்கே கணக்கு எழுதும் கிராணியாக இருந்த பெண் என்னைவிட நாலைந்து வயது இளையவர், அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலேயே பிறந்தவர். என்ன ஓட்டை, எப்படி அடைத்தீர்கள் என்று துருவித் துருவிக் கேட்டார். காரணம் இருந்தது. தோட்டத்தை விற்கப் போகிறார்கள், நீண்ட நாள் உழைத்தவர்களுக்கு அங்கேயே வீடு கிடைக்கும் என்று பேச்சு. யார் எத்தனை வருஷம் வேலை செய்தார் என்ற விவரமோ கம்ப்யூட்டரில் மட்டும்தான். பழைய புத்தகங்களைக் கரையான் தின்று முடித்திருந்தது. அவருடைய அம்மா பால் வெட்டிய இருபத்தொன்பது வருஷமும் அந்தப் பட்டியலில் இருந்தது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் பெயர் கேட்கும் இடத்தில் ஒரே எழுத்தை அழுத்திப் பிடித்தார். வரி வரியாக ஓடியது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இது என்ன சின்னப்பிள்ளை விளையாட்டு என்று கேட்டேன்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. காலையில பெரட்டுல ஆள் கணக்கெடுக்கிற மண்டோர், புஸ்தகத்துல பேர் இருந்தா மட்டும் ஆள் வந்துட்டான்னு எழுதிடுவாரா? பேர் கூப்பிட்டு, குரல் வந்தாத்தான் எழுதுவாரு லா" என்று சொல்லிக்கொண்டே எண்டரைத் தட்டினார்.

புரோகிராம் தொப்பென்று விழுந்தது.

ஆராய்ந்து பார்த்ததில் விஷயம் புரிந்தது. புதியது உள்ளே ஏறியிருந்தது. ஆனால் கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டால்தான் அது வேலைக்கு வரும். அதுவரை மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்த பழையதுதான் ஓடும். எக்காரணம் கொண்டும் அணைக்காதே என்று அதன் தலையில் காகிதம் ஒட்டிவைத்த மகானுபாவன் நானேதான். நான்கு தோட்டங்களிலும் ஒட்டியிருந்தேன்.

மற்ற மூன்று ஆபீசுகளுக்கும் போன் செய்து, நிர்வாகிக்குத் தெரியாமல் அணைத்துப் போடச் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். ஆனால் இதற்குள் யாராவது நுழைந்து எதையாவது மாற்றியிருந்தால்? சிரம்பானில் முன்பே டிஸ்கில் எடுத்து வைத்திருந்த பிரதியோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் தெரியாது. அதற்கு நிர்வாகியின் அனுமதி வேண்டும்.

நான் தயங்குவதைப் பார்த்து அந்தப் பெண் மெதுவாகச் சொன்னார். "எங்கம்மா பேரும் அதுல இருக்குண்ணே. சொல்லிருங்க."

சொன்னேன். தப்பு என்னுடையது என்று ஆரம்பித்தேன். நிர்வாகி கொஞ்ச நேரம் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டு, சரி, வேலையைப் பார் என்றார். மற்ற மூன்று ஆபீசுகளுக்கும் போன் செய்து, நான்கையும் அணைத்துப் போட்டு, ஒவ்வொன்றிலும் நீளமான பெயரைத் தட்டிப் பார்த்தோம். நான்கும் ஏற்க மறுத்தன. இரண்டு நாள் உட்கார்ந்து பட்டியலை ஒப்பிட்டோம். ஓர் எழுத்துகூட மாறியிருக்கவில்லை. அம்மாவின் இருபத்தொன்பது வருஷத்தைத் திரையில் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த சிரிப்பு எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

அதன் பிறகு எத்தனையோ வேலைகளை முடிந்தது என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இன்றும் மனம் நிறைவது, இன்னும் முடியவில்லை என்று ஒத்துக்கொண்ட அந்த ஒரு வேலையை நினைத்தால்தான்.