நங்கூரம் போட்ட பந்தயம்

என் கணவருக்கும் என் அண்ணனுக்கும் எட்டு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை. கணவர் பிரிக்பீல்ட்ஸில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அண்ணன் காப்பாரில் குடியிருந்துகொண்டு துறைமுகத்துக்குக் கொண்டெய்னர் லோரி ஓட்டுபவன். அண்ணன் மகளுக்கு என் கணவர்தான் கார் பழக்கினார். ரிவர்ஸ் எடுத்து நிறுத்த வரவில்லை, இப்போதைக்கு டெஸ்டுக்கு அனுப்ப மாட்டேன் என்றார். அண்ணனுக்குக் கோபம். வேறு இடத்தில் சேர்த்தான். அவள் முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கினாள். வாங்கிய வாரமே வீட்டு கேட்டை இடித்துச் சாய்த்தாள். செய்தி வந்தபோது என் கணவர் சிரித்தார், அவ்வளவுதான். அது அண்ணன் காதுக்குப் போய்விட்டது.

அன்றிலிருந்து நான்தான் இரண்டு பேருக்கும் தபால்காரி. கல்யாணப் பந்தியில் எனக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக இருவரும் உட்கார்ந்திருக்க, உன் புருஷனிடம் உப்பைத் தள்ளச் சொல் என்பான் அண்ணன். உப்பு அவன் கைக்கு எட்டும். அப்பா அம்மா போன பிறகு எனக்குப் பிறந்த வீடு என்று இருப்பது அவன் ஒருவன்தான். தீபாவளிக்கு அவன் வீட்டுக்கு நான் மட்டும் போய்விட்டு வந்தபோது வழியெல்லாம் அழுதேன். அழுது முடித்ததும் இரண்டு பேர் மேலும் எரிச்சலாக வந்தது.

நான் பங்சாரில் ஒரு பல் டாக்டரிடம் வேலை செய்கிறேன். வாய் கொப்பளிக்கும் இடைவெளியில் ஒரு நோயாளி தன் படகுச் சங்கத்தைப் பற்றிச் சொன்னார். கிள்ளான் துறைமுகத்துப் பக்கம். பாய்மரப் படகில் பந்தயம் விடப் புதியவர்களுக்குக் கற்றுத்தருகிறார்கள். சின்னப் படகு, அடியில் கனத்த இரும்பு இருப்பதால் லேசில் கவிழாது, மூன்று பேர் வேண்டும் என்றார். நான் ஒரே ஒரு சந்தேகம் கேட்டேன்: கோபம் வந்தால் பாதியில் இறங்கிப் போக முடியுமா? முடியாது என்று சிரித்தார். அன்றைக்கே எங்கள் மூன்று பேரையும் பதிந்துவிட்டேன். மூன்றாவது ஆள் எங்கள் டாக்டர் என்று இரண்டு பேரிடமும் பொய் சொன்னேன்.

படகுத்துறையில் ஒருவரையொருவர் பார்த்ததும் இருவர் முகமும் தொங்கிப்போனது. ஆனால் முதலில் யார் திரும்பிப் போவது என்பதில் இருவருக்கும் கௌரவப் பிரச்சினை. ஏறிவிட்டார்கள்.

சுக்கான் கணவரிடம், பெரிய பாய் அண்ணனிடம், முன்பாய் என்னிடம். பயிற்சி தந்த மலாய்க்கார அங்கிள் ஒரு விதி சொன்னார். படகைத் திருப்பும் முன் சுக்கான் பிடிப்பவர் "ரெடியா?" என்று கேட்க வேண்டும். எல்லாரும் "ரெடி" என்று சொன்ன பிறகுதான் திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் பாயின் கீழ்க்கட்டை யார் மண்டையையாவது பதம் பார்க்கும்.

கணவர் கேட்டார். நான் ரெடி என்றேன். அண்ணன் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். கணவர் மறுபடி கேட்டார். அண்ணன் கடலையே பார்த்தான். எதிரே சேற்றுத் திட்டும் அதன் பின்னால் சதுப்புக் காடும் நெருங்கிக்கொண்டிருந்தன. பதில் வராமல் திருப்ப என் கணவருக்கு மனம் வராது. அவர் சிவப்பு விளக்கில் யாருமே இல்லாவிட்டாலும் நிற்கிற மனிதர். மூன்றாம் முறை கேட்டார். படகு சேற்றில் வழுக்கி ஏறி, முனகி, நின்றது.

"ரெடி" என்றான் அண்ணன்.

எட்டு மாதத்தில் அவன் அவரிடம் சொன்ன முதல் வார்த்தை அதுதான். தண்ணீர் ஏறிப் படகு மிதக்கும்வரை இரண்டு மணி நேரம் நண்டுகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். எனக்கு மட்டும் பரம சந்தோஷம்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பேசினார்கள். படகில் மட்டும்தான். கயிறு, காற்று, பாய் பற்றி மட்டும்தான். கரையில் கால் வைத்ததும் பழையபடி என் வழியாகத் தபால். இதுவாவது இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். இந்தப் படகு போய்விட்டால் அந்தக் கொஞ்சப் பேச்சும் போய்விடும்.

போய்விடும் போலத்தான் இருந்தது. ஆறு படகுகள், ஐந்து பந்தயங்கள். ஒன்றிலாவது கடைசியாக வராத குழுவுக்குத்தான் அடுத்த பருவத்துக்கும் படகு. முதல் நான்கிலும் நாங்கள் கடைசி. என் கணவர் எல்லாருக்கும் வழிவிடுவார். வழி எங்களுடையதாக இருக்கும்போதும் கையை நீட்டி, நீங்கள் போங்கள் என்று மரியாதையாக அனுப்பிவைப்பார். துறைமுக லோரி வரிசையில் மூக்கை நுழைத்தே பிழைக்கிற அண்ணனுக்கு அதைப் பார்த்து ரத்தம் கொதிக்கும்.

ஐந்தாவது பந்தயத்தில் பாதி வழியில் காற்று செத்துப்போனது. நீரோட்டமோ எதிரில். எங்களுக்கு முன்னால் போன ஐந்து படகுகளும் பாயை இப்படி இழுத்து அப்படி இழுத்து, மெல்லப் பின்னால் வந்துகொண்டிருந்தன. நாங்களும்தான். என் கணவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மேட்டில் கார் பின்னால் உருண்டால் என்ன செய்வோம் என்று பாடம் நடத்தும் குரலில் கேட்டார். ஹேண்ட்பிரேக் போடுவோம் என்றேன். நங்கூரத்தைப் போடச் சொன்னார்.

பந்தயத்தில் நங்கூரமா என்று அண்ணன் வாயைப் பிளந்தான். விதியில் இடமுண்டு என்றார் கணவர். விதிப் புத்தகத்தை முழுதும் படித்தவர் அந்தச் சங்கத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். போட்டோம். நின்றோம். ஐந்து படகுகளும் ஒவ்வொன்றாக எங்களைத் தாண்டிப் பின்னால் போயின. மற்றவர்கள் வியர்வை சொட்டச் சொட்டப் பின்னோக்கிப் போக, நாங்கள் நாசி லெமாக் சாப்பிட்டபடி முதலிடத்தில் இருந்தோம். அண்ணன் ஒவ்வொரு படகுக்கும் கையை நீட்டி, நீங்கள் போங்கள் என்று மரியாதையாக அனுப்பிவைத்தான். கணவர் சிரித்துவிட்டார். இந்தச் சிரிப்பில் அண்ணனும் சேர்ந்துகொண்டான்.

பிறகு காற்று வந்தது. நங்கூரம் வரவில்லை. கிள்ளான் சேறு அதை விழுங்கி வைத்திருந்தது. மூவரும் சேர்ந்து இழுத்தோம். கணவர் இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரு தடவை என்றார். பின்னால் இருந்த படகுகள் பாய் புடைக்க நெருங்கின. மூன்று படகுகள் தாண்டின. அண்ணன் லோரியில் கயிறு அறுக்கும் கத்தியை இடுப்பிலிருந்து எடுத்தான். வேண்டாம் மச்சான் என்று இவர் சொல்லி முடிப்பதற்குள் கயிறு அறுந்துவிட்டது. நான்காவதாக வந்தோம். நான் எல்லைக்கோட்டில் போட்ட கூச்சல் கரைவரை கேட்டதாம்.

கரையில் நடுவர் கூப்பிட்டுக் கேட்டார். விதிப்படி நங்கூரத்தை எடுத்துக்கொண்டுதான் பந்தயத்தைத் தொடர வேண்டும். எடுக்கவே முடியாவிட்டால் மட்டும் விட்டுவிட்டு வரலாம். எடுக்க முடியவில்லை, அப்படித்தானே என்று அவரே பதிலையும் கொடுத்துவிட்டார். தலையை ஆட்டினால் போதும். நான் என் கணவரின் சட்டையைப் பின்னாலிருந்து கிள்ளினேன்.

"இன்னும் ரெண்டு நிமிஷம் இழுத்திருந்தா வந்திருக்கும்னு நெனைக்கிறேன்" என்றார் இந்த மனிதர், மலாயில், தெளிவாக.

எங்கள் பெயரை அடித்துவிட்டார்கள். படகு போனது.

கார் நிறுத்துமிடத்துக்கு மூவரும் நடந்தோம். அண்ணன் தன் மோட்டார் சைக்கிள் பக்கம் போய் ஹெல்மெட்டை மாட்டினான். நான் காரில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தேன். எட்டு மாதம் இனி எட்டு வருஷமாகும். ஓர் உண்மையைச் சொல்லாமல் விட்டால் இவருக்கு என்ன குறைந்துவிடும்?

கண்ணாடியைத் தட்டும் சத்தம். அண்ணன். என் பக்கம் பார்க்கவே இல்லை.

"ரெண்டு நிமிஷத்துல வந்திருக்கும்னு எப்படிச் சொல்றீங்க மாப்ள?"

"கயிறு அசைஞ்சது மச்சான். கையில தெரிஞ்சது."

"அது அலை லா."

"அலை இல்ல."

அண்ணன் பின் கதவைத் திறந்து ஹெல்மெட்டோடு ஏறி உட்கார்ந்தான். கணவர் காரை எடுத்தார். கிள்ளானைத் தாண்டி, ஷா ஆலாமைத் தாண்டி, கயிற்றை அசைத்தது அலையா, இளகிய சேறா என்று வாதம். இடையில் மகள் விஷயம் வந்தது. ரிவர்ஸ் இன்னமும் அவளுக்கு வரவில்லை என்று அண்ணனே ஒப்புக்கொண்டான். ஆனாலும் நீங்கள் சிரித்திருக்கக் கூடாது என்றான். கூடாதுதான் என்றார் இவர். உடனே இரண்டு பேரும் நங்கூரத்துக்குத் திரும்பிவிட்டார்கள். பிரிக்பீல்ட்ஸில், எங்கள் வீட்டு வாசலில், அண்ணன் சட்டென்று பேச்சை நிறுத்தினான்.

"என் மோட்டார் அங்கயே நிக்குது."

நான் இறங்கிக்கொண்டேன். கணவர் சிக்னல் போட்டு, எல்லா வண்டிக்கும் வழிவிட்டு, காரைத் திருப்பிக்கொண்டு மறுபடியும் துறைமுகத்துக்குப் போனார். ஜன்னல் வழியே அண்ணன் கை ஆட்டி ஆட்டிப் பேசுவது தெருமுனைவரை தெரிந்தது.

தோசை வாங்கிவைத்துக் காத்திருந்தேன். சாயங்காலம் கதவு தட்டப்பட்டது. கணவர் நின்றார். அவருக்குப் பின்னால், கார் பின்னாலேயே மோட்டாரை ஓட்டிக்கொண்டு வந்த அண்ணன். பேச்சு இன்னும் முடியவில்லையாம். இரண்டு பேரையும் வாயை மூடச் சொல்லிவிட்டுத் தட்டை வைத்தேன்.