வளைந்து நின்ற வரிசை

எடுக்கிற போட்டோவில் கோடு என்று ஒன்று இருக்க வேண்டும், அது பார்ப்பவர் கண்ணைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போக வேண்டும் என்பதை யூடியூப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். அதன் பிறகு நெய்வேலியில் எங்கே திரும்பினாலும் கோடுதான். பிளாக்குக்குப் பிளாக் நேராக ஓடும் ரோடு, குவார்ட்டர்ஸ் காம்பவுண்டுச் சுவர், கரி கொண்டுபோகும் பெல்ட். ஆனால் எனக்குக் கிடைத்த நல்ல கோடு ஆட்களால் ஆனது.

மைன்ஸ் வாசலில் இரண்டாவது ஷிப்டுக்குக் காண்ட்ராக்ட் ஆட்கள் வரிசையில் நிற்போம். மத்தியான வெயிலில் எவன் நேராக நிற்பான்? ரோட்டோரத் தூங்குமூஞ்சி மரங்களின் நிழல் விழுகிற பக்கமெல்லாம் வரிசையும் வளையும். ஒரு லீவு நாளில் எதிரே இருந்த டீக்கடை மாடியில் ஏறி அதை எடுத்தேன். வளைந்து வளைந்து வாசல்வரை போகும் தலைகள். இதைவிட நல்ல படம் எனக்கு இனி அமையாது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

டவுன்ஷிப்பில் ஒரு மன்றம் புகைப்படப் போட்டி வைத்தது. பெர்மனன்ட் ஊழியர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் மட்டும்தானாம். இங்கே எதற்கும் ஒரு பெர்மனன்ட் பெயர் வேண்டும். எங்கள் குடும்பத்தில் அந்தப் பெயர் தங்கை வீட்டுக்காரருடையது. "என் பேர்லயே குடுத்துடுங்க மச்சான், யார் பேரா இருந்தா என்ன" என்றார். விஷயம் வெளியே போனால் தனக்கு வம்பு, வீட்டில்கூடச் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். நாலு பேர் பார்த்தால் போதும் என்று கொடுத்தேன்.

முதல் பரிசு. நடுவராக வந்தவர் அந்த வளைவைக் காற்றில் விரலால் வரைந்து காட்டி, என்ன லயம் என்று வியந்தார். ஆட்கள் ஏன் வளைந்து நிற்கிறார்கள் என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. மைக்கை வாங்கிய நம் மாப்பிள்ளையோ, அந்த வளைவுக்காக மாதக்கணக்கில் காத்திருந்ததாகச் சொன்னார். கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்தபடி உள்ளே போகிறவர், அந்த மரத்தடியில் ஒரு நாள் நின்றிருப்பாரா? நான் பெற்ற பிள்ளைக்கு அவர் இனிஷியல். பக்கத்தில் தங்கை பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தாள். அவள் வாழ்கிற வீடு, வாயைத் திறக்க முடியுமா? நானும் கைதட்டினேன்.

படம் இப்போது அவர்கள் ஹாலில் மாட்டியிருக்கிறது. போன ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்து குடும்பத்தோடு அங்கே போயிருந்தோம். காலேஜில் சேர்ந்திருக்கும் என் மகளுக்குப் படம் எடுக்கும் ஆசை வந்திருக்கிறது. செல்போனைத் தூக்கிக்கொண்டு நேரே அவரிடம் போனாள்.

"இந்த மாதிரி எடுக்க எனக்கும் சொல்லித் தர்றீங்களா மாமா? அப்பாவும் எதையாவது எடுத்துக்கினேதான் இருக்காங்க. ஒண்ணுகூட இது மாதிரி வரல."

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அதற்கென்ன, அடுத்த ஞாயிறு வா என்றார். மகள் சந்தோஷமாக என்னிடம் ஓடிவந்தாள்.

"நீங்களும் வாங்கப்பா. சேர்ந்து கத்துக்கலாம்."