பிலோ அக்கா அயன் பண்ணிக்கொண்டு சொன்ன நாவல்

முதலில் 'ஸ்ஸ்...' என்று ஒரு சத்தம் வரும். ஈரத் துணியில் சூடான அயன் படுகிற சத்தம். அதற்குப் பிறகுதான் பிலோ அக்காவின் குரல்.

"கேக்குதோடி? சரி, எழுது..."

இப்படித்தான் ஒரு முழு நாவலும் வாட்ஸ்அப்பில், வொய்ஸ் வொய்ஸாக என் போனுக்கு வந்தது. போன மாதம் அது புத்தகமாகக் கைக்கு வந்ததிலிருந்து எனக்கு அந்த நாட்களின் ஞாபகம்தான்.

அப்போது அக்கா இங்கே இத்தாலியில், வியா மக்வேதா என்ற தெருவில், சிஞ்ஞோரா என்று கூப்பிடும் ஒரு வயதான இத்தாலிய அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். சமையல், துப்புரவு, குளிக்க வார்ப்பது எல்லாம் அவர்தான். நான் இருந்த சீசாப் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வீடு வீடாகத் துடைக்கப் போய்க்கொண்டிருந்தேன். கோயில் பத்திரிகைக்குத் தமிழ் டைப் பண்ணிக் கொடுப்பவள் என்று அக்காவுக்கு என்னைத் தெரியும். ஒரு ஞாயிறு பூசை முடிந்து வரும்போது பிடித்துக்கொண்டார். தன்னிடம் ஒரு கதை இருக்கிறதாம்... பேனை பிடித்தால் வருகிறதில்லையாம்... சொன்னால் எழுதித் தருவேனா என்று கேட்டார்.

எழுத்தாளர் என்றால் மேசை, கண்ணாடி, அமைதி என்று நினைத்திருந்தவள் நான். இவரோ சிஞ்ஞோராவின் படுக்கை விரிப்புகளுக்கு நடுவில் நின்று நாவல் சொன்னார்!

கதை ஒரு மன்னார்ப் பெண்ணைப் பற்றியது. கைக்குழந்தையைத் தன் அக்காவிடம் விட்டுவிட்டு இத்தாலிக்கு வருகிறாள். பெர்மெஸ்ஸோ, அதுதான் இங்கே தங்குகிற அனுமதி, கிடைத்ததும் பிள்ளையைக் கூப்பிடலாம் என்று காத்திருக்கிறாள். வருடங்கள் போகின்றன. பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கக் கடைக்குப் போகிறாள். கால் அளவு தெரியாது. அதைச் சொல்ல வெட்கப்பட்டு, வாய்க்கு வந்த ஒரு அளவைச் சொல்லி வாங்கிக்கொண்டு வருகிறாள்.

அந்த இடத்தை நான் பஸ்ஸில் இருந்து டைப் பண்ணினேன். எழுத்து கலங்கிப் போய்விட்டது. இதெல்லாம் உங்களுக்கு எங்கேயிருந்து வருகிறது என்று கேட்டேன். சும்மா, வேலை செய்யும்போது வரும் என்று சொல்லிச் சமாளித்துவிட்டார்.

நடுநடுவே சிஞ்ஞோராவின் குரலும் கேட்கும். அக்கா கொஞ்சம் நிறுத்தினால் போதும், "பிறகு?" என்று இத்தாலியனில் கேட்பார். தமிழில் ஒரு சொல் தெரியாத மனுஷிக்கு என்ன பிறகு என்று எனக்குச் சிரிப்பு வரும்.

பிறகு சிஞ்ஞோரா விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். பிள்ளைகள் அவரை முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். அக்காவுக்கு ஒரு ஹோட்டலில் அறை துப்புரவு வேலை கிடைத்தது.

வொய்ஸ் நின்றுபோனது.

கடைசி அத்தியாயம் மட்டும்தான் மிச்சம். பிள்ளை விமானத்தில் வந்து இறங்க வேண்டும். அவள் வந்தாளா, தாயை அடையாளம் கண்டாளா என்று தெரியாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பூசைக்குப் போகிற நேரமெல்லாம் கேட்டு நச்சரித்தேன்.

கேட்க ஆள் இல்லாததுதான் குறை என்று எனக்குப் பட்டது. நானே போய் முன்னால் இருந்துவிட்டால் சரிதானே! ஒரு ஞாயிறு பின்னேரம் ஒரேத்தோப் பக்கத்தில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போனேன். டிலானி தேத்தண்ணி தந்துவிட்டு வெளியே போனாள். அக்காவின் தமக்கை மகள், இங்கே படிக்க வந்தவள் என்றுதான் கோயிலில் எங்கள் எல்லாருக்கும் அவளைத் தெரியும்.

அக்கா அயன் பலகையை விரித்தார். ஒரு சேர்ட் முடிந்தது. இன்னொன்றும் முடிந்தது. ஒரு சொல் வரவில்லை. கடைசியில் அயனை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"உனக்கு விளங்குமடி. அதுதான் வருகுதில்லை."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. இவ்வளவு நாளும் டைப் பண்ணியவள் நான்தானே என்று மனதுக்குள் முறுகிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

கொஞ்ச நாள் கழித்து நீளமாக ஒரு வொய்ஸ் வந்தது. அயன் சத்தம் இல்லை. கோப்பை, கரண்டிச் சத்தம்... யாரோ இருமுகிறார்கள். லீவு நாளில் முதியோர் இல்லத்துக்குப் போய், சிஞ்ஞோராவின் கதிரைக்குப் பக்கத்தில் இருந்து கடைசி அத்தியாயத்தைச் சொல்லியிருக்கிறார் அக்கா!

விமான நிலையத்துக் கண்ணாடிக் கதவு திறக்கிறது. நெடுத்து வளர்ந்த ஒரு பெட்டை பெட்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறாள். தாய் அவளை விட்டுவிட்டு, பின்னால் வருகிற சின்னப் பிள்ளைகளில் தன் பிள்ளையைத் தேடுகிறாள்...

அதோடு அக்கா நிறுத்தினார். பிறகு சிஞ்ஞோரா மெதுவாக இத்தாலியனில் கேட்டார், உன் பிள்ளை வந்துவிட்டாளா என்று.

அக்காவும் இத்தாலியனில்தான் பதில் சொன்னார். "வந்திட்டாள், சிஞ்ஞோரா. என்னோடைதான் இருக்கிறாள். ஆனா என்னைச் சித்தி எண்டுதான் கூப்பிடுறாள்."

பஸ்ஸில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தேன், இறங்க வேண்டிய தரிப்பைத் தாண்டி பஸ் போய்விட்டது. நான் டிலானியின் முகத்தையே நினைத்துக்கொண்டு நின்றேன். வளர்த்தவளை அம்மா என்று கூப்பிட்ட பிள்ளைக்கு, பெற்றவள் சித்தியாகத்தானே இருப்பாள்.

சிஞ்ஞோராவுக்கு எப்படித் தெரிந்தது என்று பிறகு அக்காவிடம் கேட்டேன். கதை சொல்லும்போது தன் கை தானாகப் பிள்ளையின் உயரத்தைக் காட்டுமாம். முழங்கால் அளவு, பிறகு இடுப்பளவு... எனக்குக் குரல் மட்டும்தான் வந்தது. சிஞ்ஞோரா அக்காவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அந்தக் கேள்வியையும் பதிலையும் புத்தகத்தில் போடுவதா? அச்சுக்குக் கொடுக்குமுன் அக்கா அதை டிலானியிடம் வாசிக்கக் கொடுத்தார். அவள் வாசித்துத் திருப்பித் தந்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டாள். அக்கா அந்தக் கிழமை முழுவதும் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் எனக்கு போன் எடுத்து, "போடு. அதோடையே முடி" என்றார்.

வெளியீடு கோயில் ஹோலில் நடந்தது. யாரும் கூப்பிடாமல் டிலானி எழும்பிப் போய் மைக்கைப் பிடித்தாள்.

"இதை எழுதினது என்ர அம்மா. நான் சித்தி எண்டு கூப்பிடுறனான்."

அவ்வளவுதான் சொன்னாள். நான் அழுதேன், சொல்ல என்ன வெட்கம்.

இப்போது அக்கா இரண்டாவது புத்தகம் தொடங்கிவிட்டார். சொல்லச் சொல்ல போனே எழுதிக் கொடுக்கிறது, டைப் பண்ண ஆள் தேவையில்லை. பஸ்ஸில் சும்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போகிறேன். கொஞ்சம் பொறாமையும் உண்டு, மறைப்பானேன்.

அன்றைக்கு அவருக்கு ஒன்றும் விளங்காத ஒருவர் வேண்டியிருந்தது. இன்றைக்கு எல்லாம் விளங்கிய டிலானிதான் முன்னால் இருந்து கேட்கிறாள். எப்படிப் போகிறது என்று நேற்று கேட்டேன்.

"எங்கையடி... ஒரு வரி சொல்ல விடுறாளில்லை. 'அது அப்பிடியில்லை சித்தி, நான் அண்டைக்கு அழேல்லை' எண்டு மறிச்சுக்கொண்டு நிக்கிறாள்."

முறைப்பாடுதான். ஆனால் அக்கா இவ்வளவு சந்தோஷமாக முறையிட்டு நான் கேட்டதே இல்லை.