பீலிக்கரையில் ஓடிய படம்

இன்று துணி துவைக்கப் பிரித்த சவுக்காரக் கட்டியின் வாசத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் மண்சரிவோடு போய்விட்ட, ஒரே கூரைக்கடியில் நீண்ட வரிசை வீடுகளாய் நின்ற எங்கள் லயமும், அதற்குக் கீழே வாளிகளோடு தண்ணீருக்கு வரிசை நின்ற பீலிக்கரையும், பக்கத்துக் காம்பரா செல்வியும், அவளைக் கண்டாலே எரிந்த என் வயிறும் ஒன்றாகத் திரும்பி வந்தன.

மாமாவோடு டவுனுக்குப் போய்ப் பூதப் படம் பார்த்து வந்தவள் அவள். நாங்கள் யாரும் தியேட்டர் வாசலைக்கூட மிதித்ததில்லை. காலையில் அவள் கதையைத் தொடங்கினால், "செல்விய முன்னுக்கு விடுங்கடி" என்று வரிசையே வழிவிடும்; அவள் குடம் நிரம்பி வழியும், என் வாளி கடைசியில் காய்ந்து கிடக்கும்.

"அட்டைதான்டி, ஆனா நம்ம லயத்து நீளம். தோட்டத்த ஆளுற தொரைய அப்படியே முழுங்கிருச்சு. கொழுந்தெடுக்கிற பொம்பளைங்க, அட்டை கடிக்காம கால்ல பூசுற சவுக்காரத்த வீசுனாங்க பாரு, சுருண்டு போயி தொரைய வெளிய துப்பிருச்சு. தொப்பி மட்டும் வரல" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன்.

ஈரக் கையைத் துடைத்துவிட்டு, அவள் சொன்ன பெயரைக் கைபேசியில் தேடி அந்தப் படத்தைப் பார்த்தேன். ரப்பர்ப் பல்லி உடுப்புக்குள் ஒரு ஆள், முதுகில் ஜிப் தெரிய, தத்தித் தத்தி நடந்தான். அட்டையும் இல்லை, துரையும் இல்லை. சவுக்காரம் வரும் வரும் என்று கடைசி வரை காத்திருந்தேன்.

அவள் தியேட்டருக்கே போகவில்லையோ என்னவோ. படம் பார்த்தவள் என்றுதான் இத்தனை வருசம் பொறாமைப்பட்டேன். அந்தப் படத்தை நானும் பார்த்தாயிற்று. அவளுடைய படத்தை எங்கே போய்ப் பார்ப்பேன்?