நிறுத்த முடியாத லாரி

எங்கள் அப்பாவுக்குப் பைத்தியம் பிடித்தால் அரைகுறையாகப் பிடிக்காது. எனக்கு ஒன்பது வயதானபோது, ராணுவத்தில் கழித்துக்கட்டிய ஒரு பழைய லாரியை ஏலத்தில் எடுத்து, கோவில்பதாகையில் எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். அன்றோடு வீட்டுக்குள் வெயில் வருவது நின்றது.

“மிலிட்டரி இன்ஜினு. எத ஊத்துனாலும் ஓடும்” என்று தெருவே கேட்கச் சொன்னார். சொன்னதை நிரூபிக்க வேண்டாமா? ஆவடி பஜ்ஜிக் கடைகளில் பொரித்து மிஞ்சின பாமாயிலை டின் டின்னாக வாங்கி வந்து, வேட்டித் துணியில் வடிகட்டி, பேரலில் தெளியவைத்தார். லாரி நிஜமாகவே ஓடியது. போன தெருவெல்லாம் பஜ்ஜி மணத்தது.

அந்த மணம் தெருவோடு நிற்கவில்லை. தலையணை, சோறு, என் பள்ளிக்கூடச் சட்டை எல்லாவற்றிலும் ஏறிக்கொண்டது. வகுப்பில் எனக்கு ‘பஜ்ஜி’ என்று பெயர் வைத்து, பெஞ்சில் தள்ளி உட்கார்ந்தார்கள். அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டு மாதம் பார்த்தாள். பிறகு ஒரு நாள் வேப்பம்பட்டில் இருக்கும் மாமா வீட்டுக்குப் போனாள், வரவில்லை. அவர்களுக்குள் வேறு என்னென்ன இருந்ததோ, எனக்குத் தெரிந்த காரணம் நாற்றம் ஒன்றுதான். பள்ளிவிட்டு வந்தால் வீட்டில் பேச ஆள் கிடையாது. லாரிக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் அப்பாவின் கால்களைப் பார்த்தபடி படியில் உட்கார்ந்திருப்பேன். அழுகை வரும். யாருக்காக அழுவது என்று விட்டுவிடுவேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசை முடிந்ததும் அப்பா சொன்னார்: “அம்மாவ கூட்டினு வந்துர்லாம், ஏறு.”

அந்த லாரிக்கு ஒரு முறை உண்டு. பாமாயில் குளிரில் உறையும். அதனால் ஒரு சின்ன கேன் டீசலில் கிளப்பி, இன்ஜின் சூடானதும் ஒரு குழாயைத் திருப்பி எண்ணெய்க்கு மாற்றவேண்டும். நிறுத்துவதற்கு முன்னால் மறுபடி டீசலுக்கு வரவேண்டும். எண்ணெயிலேயே நிறுத்திவிட்டால் அவ்வளவுதான், அது குழாயில் உறைந்து வண்டி மறுபடி எழும்பாது. அந்தக் குழாய் என் காலடியில் இருந்தது.

ஆவடி தாண்டியதும் அப்பா, “திருப்பும்மா” என்றார்.

“திருப்பிட்டேம்ப்பா” என்றேன். திருப்பவில்லை. டீசலிலேயே போனால் வண்டி நாறாது. நாறாவிட்டால் அம்மா ஏறிக்கொள்வாள். ஒன்பது வயதுக்கு இது நல்ல கணக்காகத்தான் தெரிந்தது. அப்பாவுக்கு அன்று ஜலதோஷம், மூக்கு அடைத்திருந்தது.

திருநின்றவூர் தாண்டியதும் இன்ஜின் இருமியது. பயந்துபோய்க் குழாயைத் திருப்பினேன். எண்ணெய் வந்து வண்டி பிழைத்துக்கொண்டது. வேப்பம்பட்டு வரை வழியில் டீசல் பங்க் கிடையாது. அப்பா திரும்பிக் காலி கேனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“இன்னாம்மா இப்டி பண்ட்ட?” என்றார். அடித்திருந்தால்கூடத் தேவலை.

மாமா வீட்டு வாசலில் லாரி உறுமிக்கொண்டே நின்றது. எண்ணெயில் நிற்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் அணைந்துவிடும், அப்பாவால் இறங்க முடியாது. என்னை அனுப்பினார். அம்மா ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு, தலைமுடியில் முகத்தைப் புதைத்து மூச்சை இழுத்தாள். நாற்றத்தைத்தான் பார்க்கிறாள் என்று வெட்கப்பட்டு விலகிக்கொண்டேன்.

மாமா ஒரு செம்பில் தண்ணீரோடு வாசலில் நின்றார். கோபித்துக்கொண்டு வந்த பெண்ணை அழைத்துப் போக வருகிற மருமகன், உள்ளே வந்து ஒரு வாய் தண்ணீராவது குடிக்கவேண்டும். அதுதான் வழக்கம்.

“வண்டிய நிறுத்த முடியாது! நீ வந்து ஏறு!” என்று அப்பா இருந்த இடத்திலிருந்தே கத்தினார். அந்தச் சத்தத்தில் வேறு எப்படிச் சொல்வது?

அம்மாவின் முகம் மாறியது. “எறங்கி வந்து கூப்ட்டா உங்கப்பாவுக்குக் கெரீடம் வுயுந்துருமா?” என்று என்னைக் கேட்டாள்.

டீசல் தீர்ந்துபோச்சும்மா, நான்தான் தீர்த்துட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் என்மேலும் கோபம் வந்துவிடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். அப்பாவும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மாமா செம்பிலிருந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றினார்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு அம்மா வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

போன வருஷம் ஒரு கல்யாணப் பந்தியில் மாமி என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள்: “அன்னிக்கு லாரி சத்தம் கேட்டதுமே உங்கம்மா என்னக் கறி எடுத்தாரச் சொன்னா. துணியெல்லாங்கூட மடிச்சு பையில வச்சிருந்தா. அந்தப் பாழாப்போன வண்டி எங்க வாசல்ல அப்டியே படுத்திருந்தா, அவுரு உள்ள வந்துதான ஆவணும்?”

இலையை மடித்துவிட்டு எழுந்தேன்.

அன்று வாசலில் நின்ற அத்தனை நேரமும், லாரி அணைந்துவிடக் கூடாது என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டிருந்தேன். கடைசிவரை அது அணையவே இல்லை. வீடு வந்து சேர்ந்ததும் மாதாவுக்கு நன்றிகூடச் சொன்னேன்.